வெள்ளியும் வடதிசை ஒளியும்

தமிழில் 'வெள்ளி' என்னும் சொல் ஓர் உலோகத்தைக் குறிக்கும். விடியலுக்கு முன் கீழ்வானில் சுடரும் கோளைக் குறிக்கும். வாரத்தின் ஒரு நாளைக் குறிக்கும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வழக்கிலோ அது பணத்தையும் குறிக்கும். இத்தனை பொருளுக்கும் வேராக நிற்பது வெண்மை, அதாவது ஒளி. ஆயினும், ஒளியின் பெயரையே தாங்கிய இவ்வுலோகத்திற்கு நம்மவர் அணிகலன் மரபில் கிடைத்த இடம் பெரும்பாலும் கால்தான். கழுத்துக்கும் காதுக்கும் பொன். காலுக்குக் கொலுசும் தண்டையும் மெட்டியும். பொன்னைக் காலில் அணிவது திருமகளை அவமதிப்பதாகும் என்று பாட்டிமார் சொல்வர். வெள்ளியைப் பற்றி அவ்வாறு சொன்னவர் எவருமிலர்.

இந்த வரிசை உலோகத்தின் இயல்பில் உள்ளதா, மாந்தர் வகுத்த வழக்கில் உள்ளதா என்னும் வினாவிற்கு ஐரோப்பாவின் வடகோடி நாடுகள் விடை தருகின்றன. அங்கே கதிரவனே அரும்பொருள். நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள துரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி இடைப்பகுதி வரை ஞாயிறு அடிவானத்திற்கு மேலே எழுவதேயில்லை. தெற்கேயுள்ள ஒஸ்லோவிலும் திசம்பர் மாதப் பிற்பகுதியில் பகற்பொழுது ஏறத்தாழ ஆறு மணி நேரமே. மின்விளக்கு வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த உழவர் குடும்பங்களுக்கு அடுப்பு நெருப்பும் பைன் மரச் சிராய்ப் பந்தமுமே ஒளி. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மற்றெல்லா உலோகங்களையும் விட மிகுதியாகத் திருப்பி வீசுவது வெள்ளி. அவ்விருட்டறைகளில் அதன் அருமை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நார்வே மக்கள் மார்பில் குத்திக்கொள்ளும் 'சோல்யே' என்னும் ஊசிப்பதக்கம் இவ்வாழ்க்கையில் உருவானது. வெள்ளிக் கம்பியை நூலிழைபோல் இழுத்து, சுருட்டி, நெருப்பில் பற்றவைத்து வட்டமாக அமைப்பர். அதன் விளிம்பிலிருந்து சிறு கரண்டியின் குழிவையொத்த தகடுகள் பல தொங்கும். சிலவற்றிற்குப் பொன்முலாமும் பூசுவதுண்டு. அணிந்தவர் மூச்சு விட்டாலே அத்தகடுகள் அசையும். ஒவ்வோர் அசைவிலும் ஒளி துள்ளும். மலைக்குள் மறைந்து வாழும் மாயமக்கள் ஞானநீராட்டுப் பெறாத குழந்தையைத் திருடிவிட்டுத் தம் குழந்தையை மாற்றி வைத்துவிடுவர் என்றும், வெள்ளியைக் கண்டால் அவர்கள் அணுகார் என்றும் அம்மக்கள் நம்பினர். அதனால் பச்சிளங்குழந்தையின் துணியிலும் ஒரு வெள்ளி ஊசி குத்தப்பட்டது. நம் குழந்தைகளின் அரைஞாணில் வெள்ளித் தாயத்துக் கோக்கும் பழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது.

நார்வேயின் மண்ணிலேயே வெள்ளி இருந்தது. 1623ஆம் ஆண்டில் ஆடுமாடு மேய்த்த சிறார் இருவர், எருது கொம்பால் கீறிய பாறையில் அது பளபளக்கக் கண்டனர் என்பது வழிவழிக் கதை. அடுத்த ஆண்டே மன்னர் நான்காம் கிறித்தியான் அங்குக் கொங்ஸ்பெர்க் என்னும் நகரை நிறுவினார். பாறையின் மேல் விறகடுக்கித் தீ மூட்டி, வெப்பத்தில் வெடிப்புண்ட கல்லைப் பெயர்த்து எடுத்தனர். முறுக்கிய கம்பிபோலத் தனி வெள்ளியாகவே அங்கு உலோகம் கிடைத்தது. அத்தகைய கம்பிவெள்ளி இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளது. சுரங்கம் மூடப்படும் வரை 1,300 டன்னுக்கு மேல் வெள்ளி எடுக்கப்பட்டது. அது மன்னரின் உடைமை. நார்வே அன்று டென்மார்க்கு அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. உழவர் பெண்களின் மார்பில் மின்னியது மிகச் சிறுபகுதியே. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றதற்கு அந்த அருமையும் ஒரு காரணம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபுக்கு வேறொரு திருப்பம் சுவீடன் நாட்டுப் பெண்மணி ஒருவரால் ஏற்பட்டது. 1927இல் மால்மோ நகரில் பிறந்த விவியானா டோருன் பூலோ-ஹூபே, உலகப் புகழ் பெற்ற முதற் பெண் வெள்ளிக்கொல்லர் என்று பலராலும் குறிக்கப்பெறுபவர். தாயார் சிற்பி. ஸ்டாக்ஹோமில் கலைக்கல்வி பயின்ற டோருன், பொன்னும் வைரமும் கணவனின் செல்வத்தை மனைவியின் உடலில் விளம்பரப்படுத்துவன என்று கருதினார். எனவே வெள்ளியைத் தேர்ந்தார். கல்லுக்கு எங்கே போனார் என்றால், கடற்கரைக்கு! அலைகள் உருட்டி வழுவழுப்பாக்கிய கூழாங்கற்களும், பளிங்குக் கற்களும், நிலவொளி கசியும் சந்திரகாந்தக் கற்களும் அவர் அணிகளில் இடம்பெற்றன.

அவர் வேலைப்பாட்டில் கருதத்தக்கது சம்மட்டியின் பங்கு. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமான கலவையை அடிக்க அடிக்க அது இறுகும். காய்ச்சினால் மீண்டும் இளகும். இந்த இறுக்கத்தை அளவறிந்து நிறுத்தினால் வெள்ளிக்கு வில்லின் விறைப்பு வந்துவிடும். கொக்கியோ பூட்டோ இன்றி டோருனின் கழுத்து வளையங்கள் நின்றது இதனால்தான். வளையம் கழுத்தைச் சுற்றி நீரோட்டம்போல் வளைந்து இறங்கும். நுனியில் ஒரு பளிங்குத் துளி தொங்கும். இலைநுனியில் விழக் காத்திருக்கும் பனித்துளியே அது. பண்டைய சோல்யேயில் பல தகடுகள் செய்த வேலையை இங்கு ஒரே துளி செய்தது. அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடே அவர் செய்த அணிகளை விரும்பி அணிந்தார். 1960இல் மிலான் நகர மூவாண்டுக் கண்காட்சியில் தங்கப் பதக்கமும், வடநாட்டு வடிவமைப்பாளர்க்குரிய லுன்னிங் பரிசும் அவரைத் தேடி வந்தன. பொன்னை ஒதுக்கியவருக்குத் தங்கப் பதக்கம்!

1962இல் அவர் வடிவமைத்த கைக்கடிகாரம் அவருடைய புகழ்மிக்க படைப்பு. மணிக்கட்டை முழுதும் சுற்றி மூடாத வளையல். எண்களே இல்லாத கண்ணாடி முகம். காலம் மனிதனைப் பூட்டி வைக்கலாகாது என்பதற்காக வளையம் திறந்து நின்றது. மணி பார்க்கக் குனிபவர் அதில் தம் முகத்தையே காண்பார். டென்மார்க்கின் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனத்துடன் 1967இல் டோருன் இணைந்தபின், இக்கடிகாரம் எஃகில் செய்யப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தது. செல்வத்தைப் பறைசாற்றும் அணியை வெறுத்தவரின் படைப்பு, பிற்காலத்தில் செல்வர்தம் கடைத்தெருக் கண்ணாடிப் பேழைகளில் இடம்பெற்றதை அவருடைய குற்றமாகக் கொள்ளலாகாது. பட்டறையை விட்டு ஆலைக்குள் புகுந்த பொருளின் விலையை வடித்தவர் முடிவு செய்வதில்லை.

சாவகத்தில் தோன்றிய 'சுபுத்' என்னும் ஆன்மிக நெறியில் டோருனுக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. 1978இல் அவர் ஜகார்த்தாவில் குடியேறினார். பனியும் நீண்ட இரவும் பயிற்றுவித்த கைகள், ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறிவரும் மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில் நடத்தின. நம் மண்ணையொத்த ஈரக்காற்றில் வெள்ளி விரைவில் கறுக்கும் என்பதை இல்லத்தரசியர் அறிவர். பேழையில் பூட்டினால் கறுக்கும், உடலில் உராய்ந்துகொண்டிருந்தால் ஒளி மங்காது. 1992இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகம் அவர்தம் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தபோதும் அவர் வாழ்ந்தது ஜகார்த்தாவிலேயே. இறுதிக் காலத்தில் வடநாடு திரும்பிய அவர், 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கோடைப் பகல் நீண்டிருக்கும் நாளொன்றில், கோபன்ஹேகனில் மறைந்தார்.