மயிலையில் சவேரியார் - 7: யாருக்கும் தெரியாத கப்பல்

போன வாரம் ஜுவாவ் தெ எய்ரோவை எங்கே விட்டோம்? சாந்தோம் கரையில். கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன், இனி உங்கள் பின்னால்தான் என்று சவேரியாரிடம் வாக்குக் கொடுத்த வணிகர்.

சொன்னபடி விற்கவும் செய்தார்.

பிறகு ரகசியமாக இன்னொரு கப்பலை வாங்கினார்!

கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடலையே நம்பிப் பிழைத்தவர். இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி? அந்தப் பயம் யாரைத்தான் விட்டது?

சவேரியாருக்கே அப்போது வழி தெளியவில்லை. 1545-ல் நான்கு மாதம் மயிலையில் தங்கியவர், பங்குக் குரு காஸ்பர் கொயல்யுவின் வீட்டிலிருந்து இரவில் எழுந்து போய், தோமையார் கல்லறையில் மண்டியிட்டுக் கிடந்தார். மலாக்காவுக்குப் போவதா, வேண்டாமா? அங்கேதான் விடை கிடைத்தது.

ஒருவர் அழைப்புக்காகக் காத்துக் கிடக்கிறார். இன்னொருவர் அழைப்பைக் கேட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்.

யோனாவை நினைத்துக்கொள்ளுங்கள். நினிவேக்குப் போ என்றார் கடவுள். அவரோ யோப்பாவில் கூலி கொடுத்து, தர்சீசுக்குப் போகும் கப்பலில் ஏறினார். கூலி மட்டும்தான் கொடுத்தார். நம் ஆள் கப்பலையே வாங்கிவிட்டார்!

மோசேக்குத் திக்குவாய். எரேமியா, நான் சிறுபிள்ளை என்றார். எபிரேய இறைவாக்கினரில் பலர் முதலில் சொன்னது 'மாட்டேன்'தான். ஆனால் ஓடியே போனவர் யோனா. இயேசு தம் மூன்று நாள் கல்லறைக்கு அடையாளமாக எடுத்துச் சொன்னதும் அந்த யோனாவைத்தான், மீன் வயிற்றில் கிடந்த அவருடைய மூன்று நாளைத்தான். தப்பியோடியவனின் கதையையே தம் உயிர்ப்புக்கு அடையாளமாக்கினார் என்றால், கிறிஸ்தவனுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்? எனக்கு இந்த இடம் வந்தாலே நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, கரைக்கு வருவோம்.

மயிலையில் துறைமுகம் ஏது? கப்பல் அலைக்கு அப்பால் நிற்கும். படகேறி அலையைத் தாண்டிவிட்டால் போதும். பிறகு யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

எய்ரோ புறப்படத் தயார்.

அப்போது ஒரு சிறுவன் வந்தான்.

"பாதர் உங்களைக் கூப்பிடுகிறார்."

எய்ரோவுக்கு வெலவெலத்துப் போயிற்று. கப்பல் விஷயத்தை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. பிறகு எப்படி?

போகாமல் இருந்திருக்கலாம். கடல் பக்கத்திலேயே இருந்தது.

போனார்.

சவேரியார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு சொல். அதையே இரண்டாம் முறையும் சொன்னார்.

எய்ரோவின் முகம் வெளிறியது.

(தொடரும்)