மென் தொடுவில்லை: அச்சுப் பிரிப்பு

அச்சுப் பிரிப்பு என்பது மென்மையான கான்டாக்ட் லென்ஸை, அதாவது மென் தொடுவில்லையை, அது வார்க்கப்பட்ட அச்சிலிருந்து கிழியாமல் வெளியே எடுக்கும் உற்பத்திக் கட்டம். இதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலில் ஒட்டிக் கிடக்கும் இரு அச்சுப் பாதிகளைத் திறக்க வேண்டும். பிறகு, ஒரு பாதியில் தங்கிவிட்ட வில்லையை அதிலிருந்து விடுவிக்க வேண்டும். வில்லையின் ஒளித் திறனை அச்சின் வளைவு தீர்மானிக்கிறது. அதன் விளிம்பு முழுதாக வருமா என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது.

அச்சின் குழிந்த பாதி, இமை உரசும் வெளிப்புறத்துக்கு உருவம் தருகிறது. குவிந்த பாதி, கருவிழியைத் தொடும் உட்புறத்தை உருவாக்குகிறது. இரண்டும் பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் போன்ற நெகிழிகளால் ஆனவை. பெரும்பாலும் ஒரு வில்லைக்கு ஒரு ஜோடி வீதம் ஒரே முறை பயன்படுத்தப்பட்டுக் கழிக்கப்படுகின்றன. குழிந்த பாதியில் ஒற்றைப்படித் திரவத்தைச் சொட்டி, குவிந்த பாதியை அதன்மேல் பொருத்தி, வெப்பத்தாலோ ஒளியாலோ பலபடியாக்கினால் வில்லை உருவாகிறது. மிகுதியான திரவம் விளிம்பைத் தாண்டி வழிந்து, வில்லையைச் சுற்றி ஒரு வளையமாக உறைகிறது. அச்சைத் திறக்கும்போது இந்த வளையம் வில்லையோடு வராமல் தனியே கழன்றுவிட வேண்டும்.

சிக்கல் வில்லையின் மெல்லிய உடலில் இருக்கிறது. கிட்டப்பார்வைக்கான வில்லையின் நடுப்பகுதி பெரும்பாலும் 0.1 மி.மீ.க்கும் குறைந்த தடிமன் கொண்டது. பலபடி இரு பக்கமும் நெகிழியைப் பற்றிக்கொண்டிருக்கும். இடையே காற்று புகவும் வழியில்லை. நேராக இழுத்தால் ஒரு பக்கம் விடும் முன்பே மறுபக்கம் கிழியும். எப்படிக் கெடும் என்பது வார்த்த கலவையைப் பொறுத்தது. ஹெமா எனப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட்டை மட்டும் வார்த்தால், வில்லை உலர்ந்த நிலையில் கண்ணாடி போல விறைத்திருக்கும். அதன் விளிம்பு துண்டுதுண்டாக உடையும். நீருக்கு இடம்பிடித்து வைக்கும் வேறொரு திரவத்தைக் கலந்து வார்த்தால் வில்லை நெகிழ்ந்திருக்கும், அது கிழியும்.

மென் தொடுவில்லையின் வரலாற்றையே திசைதிருப்பியது இந்தச் சிக்கல்தான். மென் வில்லைக்கான நீருறிஞ்சும் பலபடியான ஹைட்ரோஜெல்லை உருவாக்கிய செக் வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டெர்லே, த்ராஹோஸ்லாவ் லீம் இருவரும் 1960இல் ‘நேச்சர்’ இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். விக்டெர்லே அதற்கு முன்பே மூடிய அச்சுகளில் வில்லை வார்த்துப் பார்த்திருந்தார். அச்சைத் திறக்கும்போது விளிம்புகள் கிழிந்தன. 1961 கிறிஸ்துமஸ் நாட்களில், பிராகில் தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் மெர்க்குர் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அவர் ஒரு சுழல் பொறி செய்தார். திறந்த ஒற்றை அச்சு சுழல, திரவம் மைய விலக்கு விசையால் பரவி, உட்புற வளைவைத் தானே அமைத்துக்கொண்டது. இரண்டாம் பாதி அச்சு இல்லை என்பதால் பிரித்துத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. இந்த உத்தியின் பெருமையாகப் பலரும் சொல்வது அதன் எளிமையை. விளிம்பைக் காப்பாற்றியதுதான் அதன் உண்மையான சாதனை. இந்தத் தொழில்நுட்பத்தின் உரிமம் பெற்ற பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் வில்லைக்கு 1971இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

1980களின் இறுதியில், அணிந்து கழித்துவிடும் வில்லைகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அவற்றை மலிவாகவும் ஏராளமாகவும் வார்க்க இருபாதி அச்சு மறுபடி தேவைப்பட்டது. விக்டெர்லே சுற்றிப்போன தடையை இப்போது நேரடியாகக் கடக்க வேண்டியிருந்தது.

இதற்குக் கிடைத்த வழிகளில் முக்கியமானது வெப்ப வேறுபாடு. குவிந்த பாதியின் முதுகில் நீராவியையோ லேசர் கதிரையோ சில நொடிகள் மட்டும் பாய்ச்சுவார்கள். நெகிழி சூடேறி விரியும். அடியில் உள்ள வில்லை இன்னும் குளிர்ந்தே இருக்கும். இரண்டும் ஒரே அளவில் விரியாததால் ஒட்டிய பரப்பு நெகிழ்ந்து கொடுக்கும். அந்தக் கணத்தில் இரு பாதிகளின் ஓரப் பட்டைகளுக்கு இடையே மெல்லிய உலோக விரல்கள் நுழைந்து, மேல்பாதியை நெம்பித் தூக்கும். நேரம்தான் இங்கே எல்லாம். சூடு அதிகநேரம் நின்றால் வில்லையும் சூடேறி வேறுபாடு மறைந்துவிடும். குறைந்தால் பிடி தளராது. அச்சின் ஓரத்தை அழுத்தி வளைத்துப் பிடியைத் தளர்த்தும் முறையும், கடுமையாகக் குளிரூட்டும் முறையும் உண்டு.

திறந்தபின் வில்லை ஒவ்வொரு முறையும் ஒரே பாதியில் தங்க வேண்டும். இல்லாவிட்டால் தானியங்கி வரிசை குழம்பிவிடும். அதற்காக ஒரு பாதியின் பரப்பை மின்னிறக்கத்தால் பதப்படுத்தி ஒட்டும் தன்மையைக் கூட்டுவார்கள். அல்லது மறுபாதியின் நெகிழியில் துத்தநாக ஸ்டியரேட் போன்ற வழுக்குப் பொருளைச் சேர்ப்பார்கள்.

வில்லையை விடுவிக்க நீரே நல்ல கருவி. இட்லித் துணியில் தண்ணீர் தெளித்தால் இட்லி ஒட்டாமல் கழன்று வருவது நமக்குத் தெரியும். இங்கே அதோடு இன்னொன்றும் நடக்கிறது: ஹைட்ரோஜெல் நீரை உறிஞ்சிப் பருத்து, தன் அச்சைவிடப் பெரிதாகி, தானே விலகி மிதக்கிறது. உலர் முறையில் அச்சின் முதுகை அழுத்தி வளைத்தோ காற்றைப் பீய்ச்சியோ எடுப்பார்கள்.

1999இல் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வில்லைகள் இந்த வேலையைக் கடினமாக்கின. அவை கண்ணுக்கு அதிக ஆக்சிஜனை விடுகின்றன. ஆனால் பிசுபிசுப்பானவை, நீரை விரும்பாத பகுதிகளைக் கொண்டவை. நீர் மட்டும் போதாமல், பலவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து விடுவிக்க வேண்டியிருந்தது. வினைபுரியாது எஞ்சிய ஒற்றைப்படிகளையும் அதே கரைப்பான் வெளியேற்றியது. பிறகு அந்தக் கரைப்பானையும் கழுவி நீக்க வேண்டும்.

முற்றிலும் வேறு பாதையில் போனது சிபா விஷன் நிறுவனம். அதன் ‘டெய்லீஸ்’ வில்லைகள், நீரில் கரைந்த பாலிவினைல் ஆல்கஹாலை மறுபயன்பாட்டு அச்சுகளில் இட்டுப் புறஊதா ஒளியால் பிணைத்து உருவாக்கப்பட்டவை. அச்சின் விளிம்பை மறைப்பான் காக்க, ஒளி விழுந்த பகுதி மட்டும் வில்லையாகிறது; ஒளி படாத மிகுதி திரவமாகவே கழுவுண்டு போகிறது. விளிம்பை அச்சு வெட்டுவதில்லை, ஒளி வரைகிறது. நெகிழி அச்சுக் குப்பையும் இல்லை. விளிம்புச் சிக்கலுக்கு இதுவரை கிடைத்த தீர்வுகளில் மிக நேர்த்தியானது இதுவே.

எந்த முறையானாலும், எடுத்த வில்லைகளின் விளிம்புக் கிழிசல், துளை, குமிழி ஆகியவற்றைக் கேமராக்கள் தேடுகின்றன; குறையுள்ளவை கழிக்கப்படுகின்றன. தப்பியவை உப்புநீரில் அடைக்கப்பட்டு, அழுத்த நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன. ஆலையின் சோதனைக்குப் பிறகும், உறையிலிருந்து எடுக்கும்போது நகம் பட்டு விளிம்பு கிழியலாம். அணிவதற்கு முன் வில்லையை விரல்நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். விளிம்பில் சிறு வெட்டு தெரிந்தாலும் அது கருவிழியைக் கீறக்கூடும். அந்த வில்லையை அணியாதீர்கள்.