போர்வையோடு போன டீச்சர்

ஜூரோங் கோடு என்ற போர்க்காலப் பாதுகாப்பு அரணின் கதையைச் சென்ற வாரம் முடித்தோம். இன்று பூன் லே எம்.ஆர்.டி. நிலையத்திலும் பேருந்து முனையத்திலும் நிற்க இடமில்லாமல் கூட்டம் நெரிகிறதே, அந்த வட்டாரமெல்லாம் 1942-இல் ரப்பர் காடு. சியூ பூன் லே என்ற பிஸ்கட் ஆலை முதலாளிக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. அவர் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் சரிம்பூன் கரையில் இறங்கியபின், 44-ஆவது இந்தியப் படைப்பிரிவின் பஞ்சாப் சிப்பாய்கள் இந்தப் பக்கமாகத்தான் பின்வாங்கினார்கள். 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

சிப்பாய்கள் போர்க்கைதிகள் ஆனார்கள். துப்பாக்கியையே தொடாத குமாஸ்தா, டாக்டர், நர்ஸ், பள்ளி ஆசிரியர், கைக்குழந்தைக்காரி ஆகியோரை என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

பிப்ரவரி 17. வெள்ளைக்காரர்கள் அனைவரும் பாடாங் திடலுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. அங்கிருந்து வெயிலில் காத்தோங் வரை நடை. ஆண்களை அடைத்த இடங்களில் ஒன்று காரைக்கால் மஹால். பெயரைக் கேட்டதுமே நம்மவர்களுக்குப் புரிந்திருக்கும். காரைக்காலில் பிறந்து இங்கே மாட்டு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த மூனா காதர் சுல்தான் தன் குடும்பத்துக்காகக் கட்டிய கடலோர மாளிகை அது. தேக்காவில் மாடு விற்ற காசு கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தோடு நின்றுவிடாமல் காத்தோங் கடற்கரையில் மாளிகையாய் எழும்பியது. அதே மாளிகையில்தான் அதுவரை ஆண்ட இனத்தின் ஆண்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கட்டடத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

மார்ச் 8-ஆம் தேதி பெண்களையும் குழந்தைகளையும் காத்தோங்கிலிருந்து சாங்கி சிறை வரை நடத்தியே கொண்டுபோனார்கள். 1936-இல் கட்டி முடித்த அந்தச் சிறை 600 கைதிகளுக்கானது. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திணித்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவே சுவர். படையில் இருந்தவர்களின் மனைவிகளுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர்களுடைய கணவன்மார் அருகிலேயே சாங்கி படை முகாமில் கிடந்தார்கள். உயிரோடிருக்கிறாரா, அடிபட்டிருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண்கள் ஊசியையும் நூலையும் எடுத்தார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்ற செஞ்சிலுவை ஊழியர் சொன்ன யோசனை இது. ஆளுக்கு ஒரு சதுரத் துணி. தன் பெயரோடு, தன்னை அடையாளம் காட்டும் ஏதாவது ஒரு படத்தையும் தைக்க வேண்டும். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு மெத்தை விரிப்பு. அது படை மருத்துவமனைக்குப் போகும். படுத்திருக்கும் யாராவது ஒருவர் தன் மனைவியின் பெயரைப் பார்ப்பார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். ஷீலா ஆலன் என்ற 17 வயதுப் பெண் ஆஸ்திரேலிய வரைபடத்தைத் தைத்தாள். அவளுடைய அப்பா அதே சிறையில், ஆண்கள் பக்கம் இருந்தார். விடுதலையைப் பார்க்காமலே இறந்துபோனார்.

மொத்தம் மூன்று விரிப்புகள். பிரிட்டிஷ் காயப்பட்டோருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, மூன்றாவது ஜப்பானியக் காயப்பட்டோருக்கு. காவலர்கள் மற்ற இரண்டையும் தடுக்காமல் விட வேண்டுமே! இன்று ஜப்பானிய விரிப்பும் ஆஸ்திரேலிய விரிப்பும் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன.

உள்ளே இருந்தவர்களின் பாடு இது. வெளியே இருந்து கை நீட்டியவர்களின் பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

எலிசபெத் சாய், செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் டீச்சர். சபாவின் கூடாட் ஊரில் 1910-இல் பிறந்தவர். போர் தொடங்குவதற்குச் சில மாதம் முன்புதான், 1941 ஆகஸ்டில், சாய் குன் ஹெங்கை மணந்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இருவரும் மியாக்கோ மருத்துவமனையில் கேண்டீன் நடத்தினார்கள். சிறையில் நோய் முற்றியவர்களை அங்கேதான் கொண்டுவருவார்கள். சாப்பாட்டோடு மருந்து, துணிமணி, பணம், கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கைமாறின. ரேடியோ உதிரிப்பாகங்கள்கூட உள்ளே போயின. அவர்களுக்கு அந்தக் கைதிகளில் யாரும் அண்ணன் தம்பி இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

1943 செப்டம்பர் இறுதியில் கெப்பல் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கமாண்டோக்களின் வேலை அது. அவர்கள் வந்த படகின் பெயர் கிரெய்ட், அதாவது நம் ஊர்க் கட்டுவிரியன். அது தெரியாத ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய், சிறைக்குள்ளிருந்து ரேடியோவில் தகவல் போயிருக்கிறது என்று முடிவுகட்டியது. அக்டோபர் 10 அன்று சாங்கி சிறையில் சோதனை. பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதால் இரட்டைப் பத்துச் சம்பவம் என்று பெயர் நிலைத்தது. 57 பேரைப் பிடித்துப் போனார்கள். அவர்களில் 15 பேர் திரும்பவில்லை. ஆங்கிலிகன் பிஷப் லெனர்ட் வில்சனும் சித்திரவதைக்கு ஆளானார். ஒகாவா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியின் தயவால் ஒரு வருடம் வெளியே நடமாடி, 1943-இல்தான் முகாமுக்குள் போனவர் அவர்.

அக்டோபர் 29-இல் சாய் குன் ஹெங்கைப் பிடித்தார்கள். எலிசபெத் ஆர்ச்சர்ட் ரோட்டில் கெம்பெய்த்தாய் அலுவலகமாக இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்குப் போய்க் கணவரைப் பற்றிக் கேட்டார். தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாள் கழித்து, கணவரைப் பார்க்க வரலாம் என்று அவர்களே கூப்பிட்டார்கள். அவருக்குக் குளிருமே என்று ஒரு போர்வையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் அந்த அம்மா. அன்று நவம்பர் 15. திரும்பி வெளியே வந்தது 1944 மே 26. கணக்குப் பார்த்தால் 193 நாட்கள்.

இருபது பேர் நெருங்கிக் கிடந்த சிறிய அறை, விடிந்தால் மண்டியிட்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது. கணவரை இழுத்துவந்து நிறுத்தி, அவர் கண்ணெதிரே மனைவிக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். ரேடியோவில் யார் பேசினார்கள்? இல்லாத ஒன்றை எலிசபெத் ஒப்புக்கொள்ளவில்லை. கணவருக்கு 12 வருடத் தண்டனை விதித்து ஊட்ரம் சிறைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததால் மீண்டார்.

1946-இல் நடந்த இரட்டைப் பத்து வழக்கில் 21 பேர் நிறுத்தப்பட்டு, 8 பேருக்கு மரண தண்டனை விழுந்தது. தன்னை வதைத்தவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்று எலிசபெத் கேட்கவில்லை. போர்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்றார். 1951-இல் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். 2006-இல் மறைந்தார்.

இதை எழுதும்போது மனத்தில் உறுத்துவது ஒன்று உண்டு. முகாமில் இருந்தவர்களுக்குப் பட்டியல் இருந்தது, எண் இருந்தது, அபூர்வமாகவேனும் செஞ்சிலுவை அட்டை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கணவன் எந்த முகாமில் என்று கேட்க அவன் மனைவிக்கு ஒரு வாசல்கூட இல்லை. போர்வையை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

எலிசபெத் சாயின் குரலைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் பதிவு செய்து வைத்திருக்கிறது. நம் பாட்டிமார்களின் குரல் பெரும்பாலும் பதிவாகாமலே போயிற்று. வாசகர்களே, ஜப்பான்காரன் காலத்தில் வீட்டைவிட்டுப் போனவரைப் பற்றி உங்கள் குடும்பத்தில் ஒரு கடிதமோ, ஒரு படமோ, பெரியவர்கள் சொன்ன ஒரு பேச்சோ மிஞ்சியிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயர், ஊர், தோட்டம், அவர் புறப்பட்ட வருடம் என்று தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். அடுத்த வாரங்களில் அவற்றை வெளியிடுகிறோம்.