கிரீன்ஸ்பர்க்: காற்றால் அழிந்து காற்றாலையால் அறியப்பட்ட நகரம்

கிரீன்ஸ்பர்க், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்திலுள்ள கயோவா வட்டாரத்தின் தலைமை ஊர். 2007இல் சுழற்காற்றால் அழிந்த இந்தச் சிறு நகரம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் ஆற்றல் சிக்கனத்தையும் அடிப்படையாகக் கொண்டு மீண்டும் கட்டப்பட்டது. ஊர்ப் பெயரிலுள்ள 'கிரீன்' பசுமையைக் குறிப்பதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் குதிரை வண்டிப் போக்குவரத்து நடத்திய டி. ஆர். கிரீன் என்பவரின் பெயர் அது.

சுற்றிலும் கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் கொண்ட ஊர். 1887-88இல் கையால் தோண்டப்பட்ட, 33 மீட்டர் ஆழமுள்ள 'பெரிய கிணறு' ஒன்றுதான் வெளியூர்க்காரர்களை ஈர்த்தது. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினர். 1960களிலிருந்தே குறைந்துவந்த மக்கள்தொகை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,574. சுழற்காற்று வராவிட்டாலும் ஊர் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

2007 மே 4 இரவு வந்த சுழற்காற்றின் அகலம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். நகரின் 95 விழுக்காடு அழிந்தது. 11 பேர் இறந்தனர். அபாயச் சங்கு முன்கூட்டியே ஒலித்ததால் மற்றவர்கள் நிலவறைகளில் ஒளிந்து பிழைத்தனர். காலையில் பார்த்தபோது நிமிர்ந்து நின்ற சில கட்டிடங்களுள் ஒன்று கான்கிரீட் தானியக் களஞ்சியம்.

கூடாரங்களில் நடந்த ஊர்க்கூட்டங்களில் 'பசுமை நகரம்' என்ற யோசனை எழுந்தபோது எல்லோரும் அதை வரவேற்கவில்லை. பழமைப் பற்றுள்ள அந்த வேளாண் ஊரில் அச்சொல்லுக்கு நகரத்து அரசியல் வாடை இருந்தது. ஆனால் காற்றாடியால் தண்ணீர் இறைத்தும், கிடைத்த மண்ணில் வீடு கட்டியும், எதையும் வீணாக்காமல் வாழ்ந்த பாட்டன் பாட்டிகளின் சிக்கனம்தான் இது என்று பின்னாளில் மேயரான பாப் டிக்சன் போன்றோர் எடுத்துரைத்தபோது எதிர்ப்புத் தணிந்தது. கொள்கை விளக்கங்களைவிட இந்த வாதமே அங்கு எடுபட்டது எனலாம்.

2007 டிசம்பரில், 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டிடங்கள் அனைத்தும் 'லீட்' பசுமைக் கட்டிடச் சான்றின் மிக உயர்ந்த படியான பிளாட்டினம் தரத்தில் அமைய வேண்டும் என நகரமன்றம் தீர்மானித்தது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல் முறை.

முதலில் எழுந்தது ஒரு கலைக்கூடம். கேன்சஸ் பல்கலைக்கழகக் கட்டிடக்கலை மாணவர்கள் தொலைவிலுள்ள லாரன்ஸ் நகரில் அதைப் பகுதி பகுதியாகக் கட்டி, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினர். கூரையில் சூரிய மின்தகடுகளும் முற்றத்தில் சிறு காற்றாலைகளும் கொண்ட அதன் பெயர் '5.4.7'. அமெரிக்க வழக்கில் எழுதப்பட்ட சுழற்காற்றின் தேதிதான் அது. பள்ளி, மருத்துவமனை, நகர மன்றம் ஆகியவையும் பிளாட்டினம் தரத்தில் எழுந்தன. தெருவிளக்குகள் அனைத்தும் எல்.இ.டி. ஆயின. விழாமல் நின்ற களஞ்சியத்தைப் பார்த்து உருளை வடிவில் ஒரு கான்கிரீட் வீடும் கட்டினர். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து அதில் தங்கி, அத்தகைய வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று அறிய முடிந்தது.

ஊரை அழித்த காற்றே அதன் மின்சாரமானது. 2010இல் நகருக்கு வெளியே 10 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், எல்லாம் இந்தியாவின் சுஸ்லான் நிறுவனத் தயாரிப்பு. இந்த 12.5 மெகாவாட் நகரின் தேவையைவிட மிக அதிகம். எஞ்சியது வெளியே செல்கிறது.

செலவில் பலன் தெளிவாகவே தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் கணக்கிட்டபடி, 13 கட்டிடங்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் மிச்சம். ஆனால் மக்களில் பலர் திரும்பவில்லை. கடன் தீர்ந்த பழைய வீடுகளில் வாழ்ந்த முதியவர்கள் பலருக்குக் காப்பீட்டுத் தொகை புதிய வீடு கட்டப் போதவில்லை. 2010இல் மக்கள்தொகை 777, 2020இல் 740. மாதிரி வீடுகளின் வரிசை ஒன்றும் திட்டமிடப்பட்டது. கட்டி முடிந்தவை சிலவே.

2011இல் மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் நகரைச் சுழற்காற்று தாக்கியபோது, அதைவிடப் பல மடங்கு சிறிய கிரீன்ஸ்பர்க்கிலிருந்து ஆட்கள் அங்கே சென்று, மீண்டும் கட்டுவது குறித்துத் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள்.