வாழைநாரில் பிறந்த மஞ்சள் ஃபோல்டர்

கணினித் திரையில் எல்லோருக்கும் பழகிப்போன படம், மஞ்சள் ஃபோல்டர். நெய்வேலி டவுன்ஷிப்பில் முதன்முதலாக மவுஸைப் பிடிக்கும் பிள்ளையும் அதைத்தான் திறந்து பார்க்கும். அந்த மஞ்சளின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ்.

அங்கே வாழை இனத்தைச் சேர்ந்த அபாகா என்ற செடி வளர்கிறது. அதன் நாரில் திரித்த கயிறு கடல்நீரில் எளிதில் இற்றுப்போகாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் சேலம் துறைமுக வணிகர்கள் மணிலாவிலிருந்து அந்த நாரைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அப்போது காகிதம் செய்யக் கந்தல் துணிக்குத் தட்டுப்பாடு. 1840களில் மாசசூசெட்ஸின் ஹாலிங்ஸ்வொர்த் குடும்பத்தார் தேய்ந்த மணிலா கயிறுகளைக் கூழாக்கிப் பார்த்தார்கள். எளிதில் கிழியாத காகிதம் கிடைத்தது. நாரை வெளுக்காததால் நிறம் இளமஞ்சள்.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், நூலகச் சாமான்கள் விற்ற லைப்ரரி பீரோ நிறுவனம், காகிதங்களை நிறுத்திவைக்கும் அலமாரியைக் காட்டிப் பதக்கம் வாங்கியது. நிற்கும் காகிதத்துக்கு உறை வேண்டும். உறையின் பெயரைப் படிக்க மேலே ஒரு காது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மணிலா காகிதம் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தது.

அந்த உறை கணினித் திரைக்கு ஏறியது பின்னால்தான். 1972இல் கணினி அறிஞர் ஆலன் கே குழந்தைகளுக்கான கணினி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். அவர் பணியாற்றிய ஜெராக்ஸ் ஆய்வகத்தின் சிந்தனைகள் 1981இல் ஸ்டார் கணினியாக விற்பனைக்கு வந்தன. நார்மன் காக்ஸ் அதற்கு ஃபோல்டர் படம் வரைந்தார். விலை 16,000 டாலருக்கு மேல், வாங்கியவர்கள் குறைவு. ஆனால் 1979இலேயே அந்த ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்திருந்தார் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். 1984இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டோஷ் கணினிக்காக சூசன் கேர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகக் கருப்படித்துப் படங்களை உருவாக்கினார். 1988இல் திரைத் தோற்றத்தைக் காப்பியடித்ததாக ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. மறு ஆண்டு ஜெராக்ஸ் ஆப்பிள் மீது போட்டது. இரண்டுமே நிற்கவில்லை. 1990இல் விண்டோஸ் 3.0 சாலிடேர் சீட்டாட்டத்தோடு வந்து, இழுத்துப் போடும் பழக்கத்தை உலகத்தின் கைகளுக்குக் கொடுத்தது. விண்டோஸ் 95 மஞ்சள் ஃபோல்டரை வீடுவீடாகச் சேர்த்தது.

2007இல் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழிலேயே மெனுக்கள் வந்தன. 2011இல் தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் மாணவர் கைக்கு வந்தன. இரண்டிலும் ஃபோல்டர் இருந்தது.

நம் அலுவலகங்கள் கண்டது நாடா கட்டிய அட்டைக் கோப்பு. காது வைத்த மணிலா உறையை நெய்வேலிப் பிள்ளை கையில் தொட்டே இருக்காது. இருந்தும் அந்தப் படம் அதற்குப் பிடிபடுகிறது. காரணம் முன்பழக்கம் அல்ல, தொட்டவுடன் படம் பதில் சொல்கிறது என்பதே.

ஆகவே, 'இயங்குதளம் என்றால் என்ன' என்று மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன் பிள்ளையை ஒரு ஃபோல்டர் உருவாக்கச் சொல்லுங்கள். தமிழில் பெயர் வைக்கட்டும். ஒரு புகைப்படத்தை உள்ளே இழுத்துப் போட்டு, மூடி, மறுபடி தேடித் திறக்கட்டும். கோப்புக்கு ஒரு பெயரும் இடமும் வழியும் உண்டு என்பது அங்கேயே விளங்கிவிடும். வரையறையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.