ஓடின்: வேதனையா, பேறுகால வலியா?

பெரிய நிலநடுக்கம் வந்தால் அமெரிக்க இவாஞ்சலிக்கல் போதகர்கள் பலர் மத்தேயு 24-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். பஞ்சங்களையும் நிலநடுக்கங்களையும் 8-ஆம் வசனம் 'ஓடின்' என்பதன் தொடக்கம் என்கிறது. இந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள், பேறுகால வலி. பழைய தமிழ் வேதாகமம் அதை 'வேதனை' என்றது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் துயரம்தான். இரண்டிலும் உருவகம் மறைந்துபோனது. பிற்கால மொழிபெயர்ப்புகள் அதை மீட்டதும் ஒரு கணக்கு வலுப்பெற்றது: வலி வரவர நெருக்கமாகவும் கடுமையாகவும் வரும், பேரிடர்களும் அப்படியே பெருகுகின்றன, ஆகவே முடிவு அருகில்.

சொல் அவ்வளவு சுமையைத் தாங்காது. இயேசு சொன்னது தொடக்கம் என்றுதான். முடிவு உடனே வராது என்பது இரண்டு வசனம் முன்பே இருக்கிறது. நிலநடுக்கச் செய்திகள் கூடியிருப்பது உண்மைதானே என்று கேட்கலாம். கருவிகளும் நிலையங்களும் பெருகியதால் சிறு அதிர்வுகள் அதிகம் பதிவாகின்றன. 7-க்கு மேற்பட்ட அளவுள்ளவை 1900 முதல் ஆண்டுக்குச் சராசரி 16 என்ற எண்ணிக்கையை ஒட்டியே ஏறி இறங்குகின்றன. பதிவானவற்றில் மிகப் பெரியதோ 1960-இல் சிலியில் நேர்ந்தது. உருவகம் நெருக்கத்தைத்தானே சுட்டுகிறது என்றால், பவுல் 1 தெசலோனிக்கேயர் 5:3-இல் இதே சொல்லை ஆள்வது எதிர்பாராத திடீர்மைக்கு. அங்கே நாள் குறிக்க இடமே இல்லை.