படுக்கையில் கிடந்த பிள்ளைகளும் ஒரு பென்சிலும்

மாயக் கதை என்றால் உடனே நினைவுக்கு வருவது மந்திரக்கோல், டிராகன், பறக்கும் துடைப்பம் போன்றவைதான். ஆனால் இளையோருக்கான மாயக் கதைகளில் சத்தமில்லாத ஒரு கிளை உண்டு. அதில் நாயகனோ நாயகியோ மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பிள்ளை. போர் கிடையாது, சிம்மாசனம் கிடையாது. நோயும், அந்த நோயின் ஊடே கிடைக்கும் ஒரு நட்பும்தான் கதை. அந்தக் கிளையில் முக்கியமான புத்தகம், 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மரியானின் கனவுகள்'. எழுதியவர் கேத்தரின் ஸ்டோர். இந்தப் புத்தகம் ஏன் அந்தக் காலத்தில், அந்த நாட்டில் வந்தது என்று பார்த்தால் கதையோடு சேர்த்து ஒரு மருத்துவ வரலாறும் தெரிய வரும்.

அதற்கு முன்னால் வந்த கதைகள்

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைகளில் நோயாளிப் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே முடிவுகள். ஒன்று, தேவதை போல நல்ல பிள்ளையாக இருந்து இறந்துபோவது. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் ஹெலன் பர்ன்ஸ் அப்படித்தான். 1860களின் இறுதியில் வந்த 'லிட்டில் விமன்' நாவலின் பெத்தும் அப்படித்தான். இன்னொன்று, பொறுமையையும் பணிவையும் கற்றுக்கொண்டு அதற்குப் பரிசாக எழுந்து நடப்பது. 1872இல் சூசன் கூலிட்ஜ் எழுதிய கதையில் துடுக்குக்காரப் பெண்ணான கேட்டி ஊஞ்சலிலிருந்து விழுந்து வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கிறாள். நல்ல பெண்ணாக மாறிய பிறகு நடக்கிறாள். சுவிட்சர்லாந்தின் ஜொஹன்னா ஸ்பைரி எழுதிய 'ஹைடி'யில், சக்கர நாற்காலியில் இருந்த கிளாரா மலைக்காற்றிலும் ஆட்டுப்பாலிலும் தேறி நடந்துவிடுகிறாள். 1911இல் வந்த 'இரகசியத் தோட்டம்' நாவலில் காலின் என்ற சிறுவனுக்கு உண்மையில் பெரிய நோயே இல்லை. பயம்தான் அவனைப் படுக்க வைத்திருந்தது. தோட்டமும் நண்பர்களும் கிடைத்ததும் அவன் எழுந்து ஓடுகிறான்.

இவை எல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் உண்மையிலேயே கால் விளங்காத ஒரு பிள்ளை இவற்றைப் படித்தால் என்ன நினைக்கும்? 'நான் போதுமான அளவு நல்ல பிள்ளையாக இல்லை, அதனால்தான் நடக்க முடியவில்லை' என்று நினைக்க இடம் இருக்கிறது அல்லவா? சிக்கல் அங்கேதான்.

போலியோ காலம்

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெற்றோர்களை அதிகம் பயமுறுத்திய நோய்களில் ஒன்று போலியோ என்கிற இளம்பிள்ளை வாதம். 1947இல் பிரிட்டனில் பெரிய அளவில் பரவியபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கை கால் செயலிழப்பது ஒரு பக்கம். சிலருக்கு மூச்சுவிட உதவும் தசைகளே வேலை செய்யாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்களை 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய பெட்டிக்குள் படுக்க வைப்பார்கள். தலை மட்டும் வெளியே இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் நெஞ்சை விரிந்து சுருங்க வைப்பார்கள். 1928இல் அமெரிக்காவில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய கருவி இது.

தடுப்பூசி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள். பிரிட்டனில் 1956இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆனாலும் பலர் அலட்சியமாகவே இருந்தார்கள். 1959 ஏப்ரலில் இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜெஃப் ஹால் 29 வயதில் போலியோவால் இறந்த பிறகுதான் இளைஞர்கள் தடுப்பூசிக்காக வரிசையில் நின்றார்கள்.

போலியோ மட்டும் இல்லை. காசநோய், வாதக் காய்ச்சல் போன்றவற்றுக்கும் அன்றைய முக்கியமான வைத்தியம் நீண்ட படுக்கை ஓய்வுதான். மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளைப் பெற்றோர் நினைத்த நேரத்தில் பார்க்கவும் முடியாது. பல மருத்துவமனைகளில் பார்வை நேரம் மிகவும் குறைவு. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தை எப்படி உடைந்துபோகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு படமாக எடுத்துக் காட்டினார். 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 'மரியானின் கனவுகள்' வெளியானது அதற்கு முந்தைய வருடம்.

மருத்துவர் எழுதிய மாயக் கதை

கேத்தரின் ஸ்டோர் (1913–2001) வெறும் எழுத்தாளர் மட்டும் அல்ல. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பிறகு மருத்துவம் படித்தவர். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர். நோயாளியின் மனதுக்குள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கதை இதுதான். மரியானுக்குப் பத்து வயது. ஒரு நோய் வந்து பல வாரங்கள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று ஆகிவிடுகிறது. பழைய தையல் பெட்டி ஒன்றில் அவளுக்கு ஒரு பென்சில் கிடைக்கிறது. அதை வைத்து ஒரு வீடு வரைகிறாள். அன்று இரவு கனவில் அந்த வீட்டின் முன்னால் நிற்கிறாள். உள்ளே போக வழி இல்லை. மறுநாள் ஜன்னலில் ஒரு பையனை வரைகிறாள். அடுத்த கனவில் அவன் அங்கே இருக்கிறான். அவன் பெயர் மார்க். அவனால் நடக்க முடியாது. மரியானுக்கு வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தரும் ஆசிரியை, போலியோவால் பாதிக்கப்பட்ட மார்க் என்ற பையனுக்கும் பாடம் சொல்லித் தருகிறார். கனவில் வருபவன் அவனேதான்!

இதற்குப் பிறகு வருவதுதான் பழைய கதைகளில் இல்லாதது. ஆசிரியையின் பிறந்தநாளுக்கு மார்க் கொடுத்த பூங்கொத்து தன்னுடையதை விடப் பெரிதாக இருந்ததால் மரியானுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வருகிறது. கோபத்தில் ஜன்னலுக்குக் குறுக்கே கம்பிகளைக் கிறுக்குகிறாள். வீட்டைச் சுற்றி இருக்கும் பாறைகளுக்குக் கண் வரைகிறாள். அந்தப் பென்சிலால் வரைந்ததை அழிக்க முடியாது. கனவில் மார்க் சிறைப்படுகிறான், பாறைகள் அவனைக் கண்காணிக்கின்றன. நனவில் அவன் உடல்நிலை மோசமாகி இரும்பு நுரையீரலுக்குள் போகிறான்.

நோயாளிப் பிள்ளைக்கும் கோபம் வரும், பொறாமை வரும், அது இன்னொருவரைக் காயப்படுத்தவும் செய்யும் என்று ஸ்டோர் தயங்காமல் எழுதினார். கோபித்ததற்குத் தண்டனையாக மரியானைச் சாகடிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்டவுடன் எல்லாவற்றையும் சரிசெய்யவும் இல்லை. செய்ததை அழிக்க முடியாததால், அவள் சேர்த்துத்தான் வரைய வேண்டியிருக்கிறது. சாப்பாடு வரைகிறாள், சைக்கிள் வரைகிறாள். மார்க்கோ முயற்சியே எடுக்க மறுக்கிறான். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களைப் பழக்கிக்கொள்கிறான். பாறைகளுக்குத் தப்பி இருவரும் கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போகிறார்கள். அங்கே ஒருவர் நோயாளி, மற்றவர் பரிதாபப்படுபவர் என்ற பிரிவு இல்லை. இரண்டு பேருமே நோயாளிகள், இரண்டு பேருக்குமே மற்றவர் தேவை.

கடைசிவரை அவர்கள் நனவில் சந்திப்பதே இல்லை. அதற்கு 1960இல் வந்த இரண்டாம் பாகம் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் புத்தகம் 1972இல் தொலைக்காட்சித் தொடராகவும், 1988இல் பெர்னார்டு ரோஸ் இயக்கத்தில் 'பேப்பர்ஹவுஸ்' என்ற திகில் படமாகவும் வந்தது.

பின்னால் வந்தவர்கள்

1973இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' எழுதினார். இருமிக்கொண்டே சமையலறையில் படுத்துக் கிடக்கும் கார்ல், அண்ணன் யோனத்தானைத் தேடி இறப்புக்கு அப்பால் உள்ள நங்கியாலா என்ற நாட்டுக்குப் போகிறான். முடிவில் உடல் செயலிழப்பது அண்ணனுக்கு. அவனைத் தம்பி முதுகில் சுமக்கிறான். சாவைப் பற்றி இப்படியா பிள்ளைகளுக்குச் சொல்வது என்று ஸ்வீடனில் பெரிய விவாதமே நடந்தது.

1999இல் வந்த மூன்றாவது ஹாரி பாட்டர் புத்தகத்தில் லூப்பின் என்ற ஆசிரியர் வருகிறார். சிறு வயதிலிருந்தே மாதம் ஒருமுறை ஓநாயாக மாறுபவர். ஹெச்.ஐ.வி. போலச் சமூகம் ஒதுக்கிவைக்கும் நோய்களுக்கான உருவகம் அது என்று ரௌலிங் பின்னர் எழுதினார். லூப்பினைக் குணப்படுத்த அவருடைய பள்ளி நண்பர்களால் முடியவில்லை. ஓநாய் மனிதரைத்தான் கடிக்கும், மிருகங்களை ஒன்றும் செய்யாது என்பதால், அவர்கள் வருடக்கணக்கில் ரகசியமாக முயன்று மிருகங்களாக மாறக் கற்றுக்கொள்கிறார்கள். பௌர்ணமி இரவில் அவர் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக.

கேட்டியிலிருந்து லூப்பின் வரை வந்த மாற்றம் இதுதான்: முதலில் நட்பு நோயைக் குணப்படுத்தும் மருந்தாக இருந்தது. பிறகு, நோய் குணமானாலும் ஆகாவிட்டாலும் கூடவே இருப்பதாக மாறியது. தடுப்பூசிகள் வந்த பிறகும் சர்க்கரை நோய், ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வருடக்கணக்கில் நீளும் நோய்களோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பில் ஒருவரின் இடம் வாரக்கணக்கில் காலியாக இருந்தால், 'எப்போ சரியாகும்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் அவரிடமே பதில் இருக்காது. 'நாளைக்கு நோட்டைக் கொண்டுவந்து தரட்டுமா?' என்று கேட்டால், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.